உதவி பெறுபவர் உதவி செய்யலாகாதா?

முத்துக்குளித்தலைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் மூழ்கியவரைப் பற்றியே எழுதினார்கள். படகில் நின்று கயிறு பிடித்தவரைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. கனத்த கல்லின் துணையோடு ஒருவர் முத்துப்பாருக்கு இறங்குவார். மேலே இன்னொருவர் கயிற்றின் அசைவைக் கையால் உணர்ந்தபடி நிற்பார். ஏறத்தாழ ஒரு நிமிடம்தான். கீழிருந்து இழுப்பு வந்ததும் தாமதமின்றித் தூக்கியாக வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனர் கையில்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் கரையில் சொல்வதுண்டு. மூழ்கியவர் திரும்பாவிட்டால் தாலி இழப்பவள் கயிறு பிடித்தவரின் உடன்பிறந்தாள் அல்லவா?

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. கயிறு பிடிக்கும் வேலை நிற்கவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. களப் பணியாளர், சமூக ஒருங்கிணைப்பாளர், மறுவாழ்வுப் பணியாளர், தன்னார்வலர் என்று விளம்பரங்களில் பல பெயர்களில் அது வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவரை வீடு தேடிச் சென்று பார்ப்பது, அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பம் நிரப்புவது, அரசு மருத்துவமனைக்கு உடன் செல்வது, மனநலப் பாதிப்பு உள்ளவரின் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவது, மருந்து நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது ஆகியவையே இந்த வேலை. 'சமூக ஆதரவுப் பணி' என்று பொதுவாகச் சொல்லலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', உலக வங்கியின் கடனுதவியோடு நடைபெறும் 'உரிமைகள்' திட்டம், அதன் கீழ்த் திறக்கப்படும் 'விழுதுகள்' சேவை மையங்கள் ஆகியவற்றால் தமிழ்நாட்டில் இத்தகைய பணியாளர்களின் தேவை முன்னெப்போதையும்விடப் பெருகியிருக்கிறது.

இந்த வேலையைத் தேடுபவர்களில் நானும் ஒருவன். குழந்தைப் பருவத்தில் போலியோ தாக்கியதால் வலது காலில் காலிப்பர் அணிந்து, ஊன்றுகோலோடு நடப்பவன். உப்பளத் தொழில் சார்ந்த அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகள் கணக்கு எழுதினேன். அஞ்சல்வழியில் சமூகப்பணி படித்தேன். எங்கள் பகுதியில் யாருக்கு அடையாள அட்டை வேண்டுமானாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஊதியமில்லாமல் பதினைந்து ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலையை ஊதியத்தோடு செய்ய விரும்பி, கடந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று இடங்களில் விண்ணப்பித்தேன்.

முதல் நேர்காணலில், "நீங்களே பிறர் உதவியை எதிர்பார்ப்பவர். வீடு வீடாக எப்படிப் போவீர்கள்?" என்று கேட்டார்கள். கேட்டவர் நல்லவர், எழுந்து வந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டவரும் அவரே. இரண்டாவது இடத்தில் இருசக்கர வாகன ஓட்டுநர் உரிமம் கட்டாயம் என்றார்கள். என்னிடம் இருப்பது இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டருக்கான உரிமம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 'இயலாதோர் வண்டி' என்ற பொருள்பட இருந்த சொல்லே 2019 திருத்தத்தில் நீக்கப்பட்டு, 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' என்று ஆகிவிட்டது. விண்ணப்பப் படிவத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. மூன்றாவது அலுவலகம் இரண்டாம் மாடியில் இருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சேவை செய்யும் அலுவலகம் அது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

இவற்றை என் மனக்குறையாக எழுதவில்லை. மூன்று இடங்களிலும் ஒரே எண்ணம் வெவ்வேறு உருவில் நின்றது: மாற்றுத்திறனாளி உதவி பெறும் பக்கத்தில் இருப்பவர், உதவி செய்யும் பக்கம் வேறொருவருக்கு உரியது. பயனாளிகள் பட்டியலில் எங்கள் பெயர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பணியாளர் வருகைப் பதிவேட்டில் தேடினால்தான் கிடைப்பதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11,79,963 பேர். அதே கணக்கெடுப்பில் இந்தியா முழுவதிலும் மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருந்தோர் 36 விழுக்காடு. பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 23 விழுக்காடு. வேலை கிடைத்தவர்களிலும் பெரும்பகுதியினர் பெட்டிக்கடை, கூடை முடைதல், தையல் என்று தாமே தேடிக்கொண்டவற்றில் இருப்பவர்களே. மற்றவர்களோடு சேர்ந்து மாதச் சம்பளம் பெறும் வேலை என்பது நம்மில் பலருக்கு அரசுத் தேர்வு ஒன்றின் வழியாக மட்டுமே எட்டக்கூடியதாக இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அரசு நிறுவனங்களில் 4 விழுக்காட்டுக்குக் குறையாத இடஒதுக்கீட்டை உறுதிசெய்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 3 விழுக்காடாக இருந்தது. எந்தெந்தப் பணியிடம் யாருக்குப் பொருந்தும் என்பதற்கு மத்திய அரசு 2021 ஜனவரியில் 3,566 பணியிடங்களை அடையாளம் கண்டு அறிவித்தது. அந்தப் பட்டியலை ஒருமுறை பார்ப்பது நல்லது. ஒவ்வொரு பணிக்கும் எதிரே உட்காருதல், நிற்றல், நடத்தல், குனிதல், தூக்குதல், பார்த்தல், கேட்டல், விரல்களால் கையாளுதல் என்று அந்தப் பணிக்குத் தேவையான செயல்பாடுகள் குறிக்கப்பட்டிருக்கும். 'இவரால் முடியுமா?' என்ற மொத்தக் கேள்வியை இந்தப் பட்டியல் சிறு சிறு கேள்விகளாக உடைக்கிறது. அங்கேதான் அதன் பயன் இருக்கிறது.

சமூக ஆதரவுப் பணியையும் அப்படி உடைத்துப் பாருங்கள். ஒரு நாளில் நான்கு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் படிவம் நிரப்ப வேண்டும். இன்னொன்றில் மகனுக்கு மூளை முடக்குவாதம் என்று தெரிந்து உடைந்துபோன தாயோடு ஒரு மணி நேரம் பேச வேண்டும். மூன்றாவதில் உதவித்தொகை ஏன் வரவில்லை என்று வங்கிக்கும் அலுவலகத்துக்கும் தொலைபேசியில் அலைய வேண்டும். நான்காவதில் முதியவர் ஒருவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். உடல் வலிமை கேட்பது கடைசி வேலை ஒன்றே. அதையும் தனியொருவர் செய்யக் கூடாது என்பது பயிற்சி பெற்ற எவருக்கும் தெரியும். தூக்குபவரின் இடுப்பும் போகும், தூக்கப்படுபவரும் விழுவார். மற்ற மூன்றுக்கும் வேண்டியது பொறுமை, படிவ அறிவு, எந்த மேசையில் எந்தத் தாள் தேங்குகிறது என்ற அனுபவம். இந்த மூன்றாவது தகுதி மாற்றுத்திறனாளிகளிடம் இருக்கும் அளவுக்கு வேறு யாரிடமும் இருக்க வாய்ப்பில்லை. வாழ்நாள் முழுவதும் அந்த மேசைகளுக்கு முன்னால் காத்திருந்து கற்றது அது.

நேர்காணல்களில் 'எத்தனை சதவீதம்?' என்று கேட்கிறார்கள். மருத்துவக் குழு தரும் 40, 60, 75 என்ற எண் உடலின் பாதிப்பை அளப்பது. வேலைத் திறனை அளப்பது அன்று. 75 விழுக்காடு பார்வைக் குறைபாடு உள்ளவர் திரைவாசிப்பான் பொருத்திய கைப்பேசியால் இணைய விண்ணப்பத்தை என்னைவிட வேகமாக முடிக்கிறார். படம் பார்த்து எழுத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லும் இடத்தில் மட்டும் அவர் நின்றுபோகிறார். அது அவருடைய குறை அன்று. செவித்திறனற்ற பெண் ஒருவர் இருக்கும் மீனவர் குடியிருப்பில், சைகை மொழி அறிந்த செவித்திறனற்ற பணியாளர் செய்வதை, கேட்கும் திறனுள்ள பத்துப் பேர் சேர்ந்தாலும் செய்ய முடியாது.

எங்கள் கடற்கரைக்கே உரிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. முத்துக்குளிப்பு நின்றாலும் சங்கு குளித்தல் தொடர்கிறது. மூச்சை அடக்கி மூழ்கிய காலம் போய், படகில் உள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்றை இழுத்துக்கொண்டு நெடுநேரம் அடியில் இருக்கிறார்கள். ஆழத்தில் அழுத்தம் மிகுதி என்பதால் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் கரைகிறது. மெதுவாக, இடையிடையே நின்று மேலேறினால் அது நுரையீரல் வழியே வெளியேறிவிடும். விரைந்து மேலேறினால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் குருதியிலும் திசுக்களிலும் குமிழிகள் உண்டாகும். தண்டுவடத்தை அவை தாக்கினால் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விடும். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஆற்றலும் போகும். உயர் அழுத்த அறையில் உடனே சிகிச்சை பெற்றால் மீளலாம். அதற்கு வழியில்லாதவர்கள் காலையில் கடலுக்கு நடந்து சென்று, மாலையில் தூக்கிவரப்பட்டவர்கள்.

அப்படிப்பட்டவருக்கு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு யார் கயிறு பிடிப்பது? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருக்கும்போது கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலை உயர்த்த வேண்டும். தவறினால் படுக்கைப் புண் வரும். உணர்வில்லாத இடத்தில் வரும் புண் வலிக்காது, வலிக்காததாலேயே எலும்புவரை போகும். சிறுநீர்க் குழாயின் தூய்மையைக் கவனிக்காவிட்டால் சிறுநீரகம் கெடும். இவற்றை மருத்துவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். இருபத்தெட்டு வயதில் கால்கள் அற்றுப்போன இளைஞர் அதைக் காதில் வாங்கும் நிலையில் இருக்க மாட்டார். பத்தாண்டுகளாகச் சக்கர நாற்காலியில் வாழும் ஒருவர் அவருடைய வீட்டு வாசலுக்குத் தாமே உருட்டிக்கொண்டு வந்து, "தம்பி, எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று சொல்லித் தொடங்கினால் நிலைமை வேறு. உலகெங்கும் தண்டுவட மறுவாழ்வில் இதைச் சக ஆதரவு என்கிறார்கள். அந்தப் பணிக்கு விளம்பரம் கொடுக்கும்போது 'நல்ல உடல் தகுதி வேண்டும்' என்று எழுதுவது பொருந்துமா?

இது நடக்காத கனவு என்று எண்ண வேண்டாம். தூத்துக்குடியிலிருந்து மேற்கே, தென்காசி மாவட்டத்தில் ஆய்க்குடி இருக்கிறது. 1975-இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் தண்டுவடம் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன் அந்த ஊரைச் சேர்ந்தவர். உலக ஊனமுற்றோர் ஆண்டான 1981-இல் அவர் தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். தசைச்சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் பின்னர் அவரோடு இணைந்தார். ஊர் ஊராகச் சென்று பணியாற்றும் சமூக மறுவாழ்வுப் பணியாளர்களை உருவாக்கிய அந்த அமைப்பை வழிநடத்திய இருவருமே சக்கர நாற்காலியில் இருந்தவர்கள். ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பாராட்டு விழாக்களில் 'தன்னம்பிக்கையின் சிகரம்' என்று பேசிக் கலைந்துவிடுகிறோம். சேவை பெற வேண்டியவர் என்று உலகம் கருதிய ஒருவர் சேவையின் நிர்வாகியானார் என்ற எளிய செய்தி அந்தக் கைதட்டலில் கேட்காமல் போகிறது.

அமெரிக்காவின் எட் ராபர்ட்ஸ் கதையும் இத்தகையதே. பதினான்கு வயதில் போலியோ தாக்கிக் கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்தவர். இவரால் ஒருபோதும் வேலைக்குப் போக முடியாது என்று சொல்லி, கலிபோர்னியா மாநில மறுவாழ்வுத் துறை அவருடைய படிப்புச் செலவை ஏற்க முதலில் மறுத்தது. 1975-இல் அதே துறைக்கு அவரே இயக்குநராக நியமிக்கப்பட்டார்.

நம் மாவட்டத்துக்கு இதன் அவசரம் என்ன என்பதை 2023 டிசம்பர் மழை காட்டியது. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் தீவுகளாயின. எந்தத் தெருவில், எந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாதவர் இருக்கிறார் என்று படகோடு வந்தவர்களுக்கு யார் சொல்வது? 2016 சட்டத்தின் எட்டாவது பிரிவு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும் என்றும், ஆபத்தை அவர்களுக்கு ஏற்ற வகையில் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பதிவேடு கணினியில் இருந்தால் போதாது. மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் போன இரவில் அது ஒரு மனிதரின் தலைக்குள் இருக்க வேண்டும். தெருவுக்குத் தெரு அந்த நினைவைச் சுமப்பவர்களே சமூக ஆதரவுப் பணியாளர்கள்.

ஆட்சிமன்றங்களில் கதவு சற்றே திறந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் கொண்டுவரப்பட்ட இரண்டு திருத்தங்கள், ஊராட்சி முதல் மாநகராட்சி வரை உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க வழிசெய்தன. கிராம ஊராட்சிகளில் மட்டும் 12,913 பேருக்கு வாய்ப்பு என்று அப்போது அறிவிக்கப்பட்டது. வாக்குரிமை இல்லை என்பது குறைதான். பேசும் உரிமை உண்டு. மாமன்றத்தில் உட்காரத் தகுதியானவர் என்று அரசே ஒப்புக்கொண்ட ஒருவரை, அதே ஊரில் களப்பணிக்குத் தகுதியற்றவர் என்று ஒரு திட்ட அலுவலகம் சொல்வது விந்தை.

ஆனால் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, தொண்டு என்னும் பெயர். எங்களிடம் வேலை இருக்கிறது, ஊதியம் இல்லை, 'மதிப்பூதியம்' தருகிறோம் என்பார்கள். பேருந்துக் கட்டணத்துக்கே போதாத மதிப்பூதியத்தில் என்ன மதிப்பு இருக்கிறது? அனுபவம் தகுதி என்றால் அதற்கு விலையும் உண்டு. திட்டப் பணிகள் பெரும்பாலும் தொகுப்பூதியத்திலோ வெளிமுகமை வழியாகவோ நிரப்பப்படுகின்றன. அந்த வழியில் போகும்போது 4 விழுக்காடு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடுகிறது. இன்னொன்று, மாற்றுத்திறனாளியை மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டுமே உரியவராக அடைத்துவைப்பது. என் அனுபவம் ஒரு நுழைவாயில். அதையே எல்லைச் சுவராக்கக் கூடாது. முதியோர் பராமரிப்பிலும் காசநோய் மருந்துக் கண்காணிப்பிலும் எனக்கு இடமில்லை என்று யார் வகுத்தது?

என்னைப்போல் வேலை தேடுவோர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. 'நியாயமான வசதி' என்பது சட்டம் தந்த சொல், சலுகை அன்று. பிறருக்குச் சமமாக ஒருவர் இயங்குவதற்காக, நிறுவனத்தால் தாங்க முடியாத சுமையாக ஆகாத வகையில் செய்யப்படும் மாற்றம் என்பது அதன் பொருள். கீழ்த்தளத்தில் ஒரு மேசை, நேரத்தில் சிறு நெகிழ்வு, சைகை மொழிபெயர்ப்பாளர் எல்லாம் அதில் அடங்கும். விகாஷ் குமார் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் இதை ஒவ்வொருவரின் தேவையைப் பார்த்துத் தனித்தனியே முடிவு செய்ய வேண்டும் என்று விளக்கியது. அடுத்து, இது அரசுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடக் கூடாது. சட்டம் சொல்லும் 'தனியார் நிறுவனம்' என்பதில் சங்கங்களும் அறக்கட்டளைகளும் அடங்கும். ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். இருபது அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணியிடங்களையும் அதில் குறிப்பிட்டு, தொடர்பு அலுவலர் ஒருவரையும் நியமிக்க வேண்டும் என்பது 2017 விதிகள். நேர்காணலுக்குப் போகுமுன் அந்தக் கொள்கையின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். அரசு நிறுவனமானால் குறைதீர்க்கும் அலுவலர் இருக்க வேண்டும்; பதிவான புகாரை அவர் இரண்டு வாரங்களுக்குள் விசாரிக்க வேண்டும். அங்கும் தீராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போகலாம்.

வேலைக்குப் போனால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற அச்சம் பல வீடுகளில் இருக்கிறது. நிச்சயமில்லாத ஓராண்டு ஒப்பந்த வேலைக்காக நிச்சயமான தொகையை விடுவதா என்று அம்மாக்கள் தடுக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல இயலாது. தங்கள் உதவித்தொகையின் விதி என்ன என்பதைக் கோரம்பள்ளத்தில் ஆட்சியர் அலுவலகத் திங்கள்கிழமைக் குறைதீர் நாளில் மனுவாகக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது. வாய்ச்சொல்லை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

நான்காவது விண்ணப்பத்தை இந்த வாரம் எழுதி முடித்திருக்கிறேன். உடல் குறைபாடு பற்றிய கட்டத்தில் விழுக்காட்டை எழுதிவிட்டு, தனித்தாளில் மூன்று வரிகள் இணைத்தேன்: நாளொன்றுக்கு ஐந்து வீடுகளுக்கு என் ஸ்கூட்டரில் செல்ல இயலும், அலுவலகப் பணிக்குக் கீழ்த்தளத்தில் ஓர் இருக்கை வேண்டும், நோயாளியைத் தூக்கும் வேலைக்கு இருவர் கொண்ட குழுவாக அனுப்ப வேண்டும். கூடவே, சமவாய்ப்புக் கொள்கையின் நகலையும் கேட்டிருக்கிறேன்.